மட்கார்டு நீங்கு படலம்

பாயிரம் இல்லாத நூல் எத்தனை விரிந்தாலும் நூலாகாது என்பது நம் இலக்கணத்தாரின் பிடிவாதம். நன்னூலார் அதற்கு எட்டு உறுப்புகளை வகுத்ததோடு நிற்கவில்லை. இன்னும் மூன்றைச் சேர்த்துச் சொல்வோரும் உண்டு என்று கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மரபை மீற நமக்குத் துணிவில்லை. ஆகவே முதலில் பாயிரம்.

இந்நூல் நுதலிய பொருள், மோட்டார் சைக்கிளின் முன் மட்கார்டை அழகு கருதிக் கழற்றலாமா என்பது. எல்லை, கீழே முன் சக்கரத்தின் அச்சு, மேலே ஹெட்லைட். கேட்போர், பதினெட்டு வயது நிரம்பி லைசென்ஸ் வாங்கியவர். நிரம்பாதவர் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கலாம், இப்பொருளில் ஆர்வம் மிகுந்தவர் அவர்களே. களம், மெக்கானிக் கடை வாசலில் வாடிக்கையாளர் உட்காரப் போட்டிருக்கும் பழைய கார் சீட். காலம், ஐப்பசி அடைமழை. பயன், ஒரு வெள்ளைச் சட்டை பிழைக்கலாம். வழியைக் கேட்டால், இது முதல்நூல். மோட்டார் சைக்கிள் திருடு போவதையே கதையாக வைத்து 2007-இல் வந்த ‘பொல்லாதவன்’ படம்கூட மட்கார்டைத் தனிப்பொருளாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆய்வுலகில் இப்படி ஓர் ஓட்டை இருப்பது நல்லதல்ல, குறிப்பாக மழைக்காலத்தில்.

உறுப்பியல்

முன் மட்கார்டாவது, டயரின்மேல் வளைந்து நின்று, டயர் எறிவதையெல்லாம் தான் வாங்கிக்கொள்ளும் உறுப்பு. பழைய புல்லட்டில் அது இரும்பு. இன்றைய நூறு, நூற்றைம்பது சிசி வண்டிகளில் பெரும்பாலும் பிளாஸ்டிக். சைடு ஸ்டாண்டு சரிந்து விழும்போது முதலில் உடைந்து, வீட்டில் திட்டு வாங்கிக் கொடுப்பதும் அதுவே. ஃபோர்க்கின் இரு கால்களிலும் போல்ட் போட்டு அதை முடுக்கியிருப்பார்கள். கழற்றுவதற்குரிய கருவி பத்தாம் நம்பர் ஸ்பேனர் என்பாரும், பன்னிரண்டாம் நம்பர் என்பாரும் உளர். வண்டிதோறும் வேறுபடுவதால் இரண்டும் பாடமாகக் கொள்ளத்தக்கனவே.

களைதல் முழுக்களைவு, அரைக்களைவு என இருவகைப்படும். மட்கார்டை அடியோடு எடுத்துப் பரணில் போடுவது முழுக்களைவு. ஆக்சா பிளேடால் முன்னும் பின்னும் அறுத்து, நடுவில் ஒரு துண்டை மட்டும் விட்டுவைப்பது அரைக்களைவு. இது வீட்டில் கேள்வி வந்தால் ‘மட்கார்டு இருக்குல்ல’ என்று சொல்லிக்கொள்ள வசதியானது. அசலைக் கழற்றிவிட்டு, ஜி.பி. ரோட்டில் வாங்கிய ஃபைபர் துண்டு ஒன்றை மாட்டுவது களைதலா, மாற்றலா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அத்துண்டு டயரின் அகலத்தைக்கூட மறைக்காது என்பதால் அதைக் களைதலின்பாற் படுத்துவதே பொருந்தும்.

மட்கார்டு ஒருபோதும் தனியாகக் கழல்வதில்லை என்பதும் கருதத்தக்கது. முதலில் போவது சேலை கார்டு. பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் 123-ஆம் விதியில் சொல்லியிருக்கின்றன. விதி எழுதியவர்கள் மனத்தில் ஒரு குடும்பம் இருந்தது. வண்டி வாங்கிய இளைஞன் மனத்தில் குடும்பம் இல்லை. ஆகவே கார்டு போகிறது. அடுத்துக் கண்ணாடிகள் போகின்றன, பின்னால் வருபவனைப் பற்றி நமக்கென்ன என்ற கோட்பாட்டின்படி. மூன்றாவதாகவே முன் மட்கார்டுக்கு முறை வருகிறது.

வரலாற்றியல்

களைவோர் தரப்பு எடுத்தவுடன் வைப்பது ஆதிவடிவ வாதம். 1885-இல் ஜெர்மனியில் கோட்லிப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் செய்த வண்டியே மோட்டார் சைக்கிளுக்கெல்லாம் ஆதி. மரச்சட்டம், மரச்சக்கரம், மட்கார்டு கிடையாது. ஆதியில் இல்லாதது இடைச்செருகல், இடைச்செருகலை நீக்குவது பதிப்பாசிரியர் கடமை என்பது இவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவ்வண்டியை டைம்லரின் மகன் ஓட்டிப் பார்த்தபோது, அடியில் இருந்த எஞ்சின் சூட்டில் இருக்கை தீப்பற்றிக்கொண்டது என்றும் சொல்லப்படுகிறது. ஆதிவடிவத்தில் உண்மையான பற்று உடையவர்கள் அந்த அம்சத்தையும் மீட்டெடுக்க முன்வர வேண்டும். இதுவரை யாரும் வரவில்லை.

இந்த வழக்கத்தின் மெய்யான பிறப்பிடம் அமெரிக்கா. 1930-களில் அங்கே, கடையில் விற்கும் வண்டியையே பந்தயத்தில் ஓட்டுவதற்கென ‘கிளாஸ் சி’ என்றொரு பிரிவு வந்தது. எடை குறைந்தால் வேகம் கூடும் என்பதால் ஓட்டுபவர்கள் முன் மட்கார்டைக் கழற்றி எறிந்து, பின் மட்கார்டைக் கத்தரித்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ராணுவம் கழித்துவிட்ட ஹார்லி டேவிட்சன் வண்டிகள் மலிவாகக் கிடைத்தன. போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் அவற்றை வாங்கி அதே வெட்டை வெட்டினார்கள். இவ்வகைக்கு ‘பாபர்’ என்று பெயர். மொகலாயருக்கும் இதற்கும் தொடர்பில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே நாட்டின் இந்தியன் கம்பெனி 1940-இல் தன் ‘சீஃப்’ வண்டிக்குச் சக்கரத்தின் பக்கவாட்டையும் மூடித் தழையத் தழைய இறங்கும் மட்கார்டைப் போட்டது. ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒரு கூட்டம் போர்த்திக்கொண்டது, இன்னொன்று களைந்துகொண்டது. இரண்டும் இன்றுவரை அழகென்றே பாராட்டப்படுகின்றன. அழகியலை வைத்து மட்டும் இவ்வழக்கைத் தீர்க்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1969-இல் ‘ஈஸி ரைடர்’ படம் வந்தது. அதில் கொடி வண்ணம் தீட்டிய டேங்கோடு நெடுஞ்சாலையில் போகும் சாப்பர் வண்டிக்கு முன் மட்கார்டு கிடையாது. முன் பிரேக்கும் கிடையாது. படம் பார்த்தவர்கள் மட்கார்டு இல்லாததை மட்டும் கவனித்தார்கள்.

இங்கேதான் நம் பொருளிலக்கணம் கைகொடுக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் ஆண்டு முழுதும் பெய்யும் மழை சராசரியாக 37 செ.மீ. அளவு. சென்னையில் சுமார் 140 செ.மீ.; அதிலும் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். கலிபோர்னியாவின் வறண்ட வெளியில், வெயிலும் நீண்ட சாலையும் பிரிவுமாகப் பிறந்த இந்த ஒப்பனை ஐயத்துக்கு இடமின்றிப் பாலைத்திணைக்கு உரியது. அதைக் கொண்டுவந்து வேளச்சேரி மருதத்திலும் திருவொற்றியூர் நெய்தலிலும் அணிவது திணைமயக்கம். திணைமயக்கம் குற்றமல்ல என்று தொல்காப்பியம் அறிந்தோர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் தொல்காப்பியர் காலத்தில் மயங்கியது பாட்டில், சட்டையில் அன்று. இலண்டன்காரர்கள் விவரமானவர்கள். ஏஸ் கஃபே வாசலில் வண்டியை நிறுத்தி வேகம் பேசிய அந்நாளைய பையன்கள், மட்கார்டை மெல்லிய அலுமினியத் தகடாகச் சுருக்கினார்களே தவிர, பெரும்பாலும் அதை அடியோடு எடுத்துவிடவில்லை. மழை பெய்யும் ஊரில் வளர்ந்த பிள்ளைகள்.

சேற்றியல்

இனி இந்நூலின் உயிர்நிலைக்கு வருவோம். டயரில் ஒட்டிய சேறு எங்கே போகிறது?

உருளும் சக்கரத்தில் எல்லாப் புள்ளிகளும் ஒரே வேகத்தில் போவதில்லை. தரையைத் தொடும் புள்ளி, தொடும் அந்தக் கணத்தில், தரையைப் பொறுத்தவரை அசையாமல் நிற்கிறது. உச்சிப் புள்ளியோ வண்டியின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கில் முன்னோக்கிப் பாய்கிறது. அண்ணா சாலையில் வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால், டயரின் உச்சி 120-இல் போய்க்கொண்டிருக்கிறது. ஸ்பீடோமீட்டர் இதைக் காட்டுவதில்லை. காட்டினால் எந்த அம்மாவும் வண்டி வாங்கித் தரச் சம்மதிக்க மாட்டார்.

ஒட்டிய சேறு ஒட்டியபடியே இருந்துவிட்டால் தொல்லையில்லை. ஆனால் ஏறக்குறைய 30 செ.மீ. ஆரமுள்ள சக்கரம் 60-இல் உருளும்போது, அதன் விளிம்பில் உள்ள எதையும் விளிம்பிலேயே பிடித்து வைக்க அதன் எடையைப்போல் 90 மடங்குக்கு மேலான இழுப்பு வேண்டும். சேற்றின் பிசுபிசுப்புக்கு அவ்வளவு திராணி இல்லை. வேகத்தை 30-ஆகக் குறைத்தால், வேண்டிய இழுப்பு பாதியாக அல்ல, கால்வாசியாகக் குறையும். ஆகவே மெதுவாகப் போகிறவனுக்குச் சேறு டயரில் தங்கும். விரைந்து போகிறவனுக்குச் சட்டையில் தங்கும்.

விடுபடும் இடத்தைப் பொறுத்துச் சேற்றின் கதி மாறுகிறது. சக்கரத்தின் பின்விளிம்பு மேலேறிக்கொண்டிருக்கும் விளிம்பு. அங்கே விடுபடுவது எஞ்சினின் துடுப்புகளையும் ஹாரனையும் ஓட்டுபவனின் கால்களையும் சென்றடையும். காற்றே இல்லாத உலகாக இருந்தால், 40-இல் போகும் வண்டியில் அவ்விளிம்பிலிருந்து கிளம்பும் துளி ஆறு மீட்டருக்கு மேல் எழும். அதாவது இரண்டாம் மாடிப் பால்கனியில் காயும் வேட்டிவரை போகும். காற்று இருப்பதால் மாடிவீட்டுக்காரர்கள் தப்பினார்கள்.

ஆனால் ஆராய்ச்சிக்கு விருந்து, உச்சியை ஒட்டி விடுபடும் சேறுதான். அது வண்டியைவிட வேகமாக முன்னோக்கிப் பறக்கிறது. ஓட்டுபவனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. விலகிப் போகும் பகை அல்லவா. கொஞ்ச தூரத்தில் எதிர்காற்று அதைப் பிடித்து மடக்குகிறது. அது தயங்குகிறது. அதற்குள் வண்டி பின்னாலேயே வந்து அதை எட்டிவிடுகிறது. தான் எறிந்த சேற்றைத் தானே துரத்திச் சென்று, தானே முகத்தில் வாங்கிக்கொள்ளும் இந்த நிகழ்ச்சியைச் சைவ சித்தாந்திகள் கவனிக்க வேண்டும். வினைப்பயன் இத்தனை சீக்கிரமாகவும் இத்தனை ஈரமாகவும் வந்து சேரும் ஏற்பாடு வேறெங்கும் காணக் கிடைக்கவில்லை.

‘மழை இல்லாத நாளில்?’ என்பது அடுத்த கடா. விடை: புதிதாகப் போட்ட தாரும் சிறுஜல்லியும், மாடு கடந்து போன இடமும், தண்ணீர் லாரி சிந்திக்கொண்டே போன தடமும் மழையை எதிர்பார்த்திருப்பதில்லை. தவிரவும் சேற்றுக்குச் சோப்பு உண்டு, கல்லுக்கு இல்லை. டயர் கிளப்பும் சிறுகல் ஃபோர்க்கின் பளபளப்பான உட்குழாயில் பட்டுப் பொடிப்பொடியாய் வடு விழும். அந்த வடு மேலும் கீழும் ஏறி இறங்க, ஆயில் சீலின் ரப்பர் உதடு கிழியும். பிறகு ஆயில் கசியும். டிஸ்க் பிரேக் வண்டியாக இருந்தால் அந்த ஆயில் போகக் கூடாத இடத்துக்குப் போகும். மட்கார்டு குழாயை முழுக்க மறைப்பதில்லை என்றாலும், டயர் கிளப்புவதில் பெரும்பங்கைத் தடுத்துவிடுகிறது.

எனினும் நடுநிலை பிறழாத ஆய்வாளன் ஒரு புறனடையைப் பதிவுசெய்தாக வேண்டும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மண், மழை விழுந்தால் மண்ணாக இருப்பதில்லை, பசையாகிவிடும். அது டயரில் ஏறி, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையிலுள்ள சந்தில் அடைந்து, இறுகி, கடைசியில் சக்கரத்தையே சுற்றவிடாமல் நிறுத்திவிடும். குச்சியெடுத்து நோண்டிக்கொண்டே போக வேண்டும். அங்கே ஒருவர் மட்கார்டைக் கழற்றிவிட்டால் அவரை யாரும் குறைசொல்ல முடியாது. மலைப்பந்தய வண்டிகளில் முன் மட்கார்டு டயரைத் தொடாமல் ஹெட்லைட்டுக்கடியில் உயரத் தூக்கி நிற்பதும் இதே காரணத்தால்தான். ராயல் என்ஃபீல்டு 2016-இல் வெளியிட்ட ஹிமாலயன் இன்னும் எச்சரிக்கையானது. உயரத்தில் அலகு நீட்டிய ஒரு மட்கார்டு, டயரை ஒட்டி இன்னொன்று என்று இரண்டை வைத்துக்கொண்டது. ஆக, கழற்றுவதற்கு நியாயம் உள்ள ஒரே நிலத்தில் அழகைப் பற்றிய பேச்சே இல்லை. பருத்திக்காட்டுக்குப் போய்வந்தால் போதும் என்பது அங்குள்ளவர் நோக்கம். அழகுக்காகக் கழற்றுவோரோ ஓ.எம்.ஆர். தார்ச் சாலையைத் தாண்டுவதில்லை.

கொடைமடம்

அழகு என்று ஒப்புக்கொள்வோம். கழற்றினால் சக்கரம் முழுவட்டமாகத் தெரிகிறது. டயருக்கும் டேங்குக்கும் இடையில் வெளிச்சம் புகுகிறது. வண்டி எடை குறைந்து, எதற்கோ தயாராக நிற்பதாகத் தோன்றுகிறது. பாபர் வண்டிகளின் கவர்ச்சியை மறுப்பவன் கண் மருத்துவரைப் பார்ப்பது நலம். ஆனால் அக்கால ஹார்லி பாபர்கள் பலவற்றில் இருந்தது 16 அங்குல ரிம்மில் ஐந்து அங்குல அகலத்துக்குப் பருத்த டயர். நம் நூறு சிசி வண்டியில் இருப்பது 18 அங்குல ரிம்மில் இரண்டே முக்கால் அங்குல டயர். சட்டையைக் கழற்றுவதற்கு முன் விலா எலும்பை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டியவனின் நிலைதான் அந்த டயருக்கு. மட்கார்டு இருந்தவரை அதன் மெலிவு வெளியே தெரியாமல் இருந்தது. இப்போது தெருவுக்கே தெரிகிறது. கூடவே ஃபோர்க்கில் காலியாக நிற்கும் போல்ட் ஓட்டைகளும்.

அது போகட்டும். இவ்வழகைக் காண்பவர் யார்? சீட்டில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்தவன் கண்ணுக்கு முன் சக்கரம் சரியாகத் தெரிவதில்லை. ஹெட்லைட்டும் ஸ்பீடோமீட்டரும் மறைக்கின்றன. எட்டிப் பார்த்தால் தெரியும். எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் ஆராய்ச்சி அத்துடன் முற்றும். ஆகவே அழகைத் துய்ப்போர் எதிரே வருகிறவர்கள், சிக்னலில் பக்கத்தில் நிற்பவர்கள், டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள். சேற்றைக் கொள்பவனோ ஓட்டுபவன் ஒருவனே. இன்பம் ஊராருக்கு, துன்பம் தனக்கு. இந்நிலையை விளக்க மேல்நாட்டு உளவியலைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம்மிடம் கொடைமடம் இருக்கிறது.

பாரி முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்தான். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். முல்லை தேர் வேண்டும் என்று கேட்கவில்லை. மயில் குளிர்கிறது என்று முறையிடவில்லை. டீக்கடை பெஞ்சும் ‘தம்பி, உன் முன் டயரை முழுசாப் பாக்கணும்’ என்று விண்ணப்பித்ததில்லை. கேளாதார்க்கும் கொடுப்பது, தகுதி ஆராயாமல் கொடுப்பது, கொடுத்தபின் தான் நனைவதைப் பொருட்படுத்தாமல் இருப்பது: மூன்று கூறுகளும் மட்கார்டு களைந்தவனிடம் முழுமையாகப் பொருந்துகின்றன. ஒரு வேறுபாடு உண்டு. பாரி தேரை அங்கேயே விட்டுவிட்டான். வீடுவரை நடந்திருந்தால் சேறு அவன் கணுக்காலோடு நின்றிருக்கும். நம் வள்ளல் அதே வண்டியில் ஏறிப் போகிறான்.

வண்டியை மாற்றியமைக்கும் ஆசை இந்தத் தலைமுறைக்கு வந்த நோய் என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வதும் சரியல்ல. அகநானூற்றின் நான்காம் பாட்டில் தலைவன் கார்காலத்தில் தேரில் வீடு திரும்புகிறான். வழியில் பூக்களில் இருக்கும் வண்டுகள் வெருளக் கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். தமிழில் பதிவான முதல் சைலன்சர் இதுவாகவே இருக்க வேண்டும். அவனுடைய வழித்தோன்றல்கள் இன்று சைலன்சருக்குள் இருக்கும் தடுப்பைப் பிடுங்கிவிட்டு, மனிதர்களே வெருளும்படி இரவு பதினொன்றுக்குத் தெருவில் போகிறார்கள். மரபு இடையில் எங்கோ தலைகீழாகியிருக்கிறது. அது வேறொரு நூலுக்கான பொருள்.

இதே நோக்கில் பின் மட்கார்டை ஒரு வார்த்தை சொல்லிக் கடந்துவிடலாம். முன் மட்கார்டு அகம். அதைக் களைந்தால் நனைபவன் களைந்தவனே. பின் மட்கார்டு புறம். அது இல்லாத வண்டி, பின்னால் உட்கார்ந்தவரின் முதுகில் இடுப்பிலிருந்து கழுத்துவரை ஒரு கோடு போடும், தொடர்ந்து வரும் ஸ்கூட்டர்காரரின் கண்ணாடியிலும் தெளிக்கும். முன்னதைக் கொடைமடம் என்று மன்னிக்கலாம். பின்னதற்கு அப்பெயர் கிடையாது. கல்லூரி வாசலில் நண்பனை இறக்கிவிட்ட பின் அவன் முதுகைப் பார்த்துப் பெண்கள் சிரிப்பதற்கு எந்த வள்ளலும் உரிமை கோர முடியாது.

சட்டவியல்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில், கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் வந்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவில் சேர்த்தது. ‘ஒவ்வொன்றுக்கும்’ என்ற இடத்தில் வாசகர் சற்று நின்று, தம் வண்டியில் எத்தனை என்று எண்ணிக்கொள்ளலாம்.

ஆனால் மாற்றம் என்றால் என்ன? அதே 52-ஆம் பிரிவின் விளக்கம், வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி கட்டமைப்பில் செய்யப்படும் மாற்றமே மாற்றம் என்கிறது. மட்கார்டு அடிப்படை அம்சமா? ஜனவரியில் அல்ல, நவம்பரில் ஆம் என்பது ஒரு சாரார் கருத்து. சாலையோரத்தில் கையைக் காட்டி நிறுத்தும் காவலர் இத்தனை நுணுக்கமாக வாதாடுவதில்லை. ‘நம்பர் பிளேட் எங்கப்பா?’ என்று வேறு வாசல் வழியாக நுழைகிறார். பல வண்டிகளில் முன் நம்பர் பிளேட் வாழ்ந்த வீடே மட்கார்டுதான். முன்பெல்லாம் புல்லட்டில் மட்கார்டின் முதுகோடு வளைந்து, இருபுறமும் படிக்கும்படி நிற்கும் பிளேட் இருக்கும். வீட்டை இடித்தவன் பிளேட்டுக்கு மாற்று இடம் காட்டியாக வேண்டும். ஹெட்லைட்டுக்குக் கீழே கம்பியால் கட்டியது காற்றில் ஆடிக்கொண்டிருக்க, அதைக் காவலர் ஒரு விரலால் நிறுத்திப் படிப்பார். அடிப்படை அம்சம் எது என்ற தத்துவ விசாரம் அந்த விரலோடு முடிந்துவிடும்.

உரையாசிரியர்

மூலநூல் எத்தனை தெளிவாக இருந்தாலும் உரை இல்லாமல் பொருள் விளங்காது. இத்துறையின் உரையாசிரியர்கள் மெக்கானிக்குகள். சூத்திரத்தைவிடச் சுருக்கமாகப் பேசும் உரையாசிரியர் மரபு இது ஒன்றே.

“அண்ணா, ஃப்ரண்ட் மட்கார்ட கழட்டிடலாம்னு இருக்கேன்.”

“ஏன், உடைஞ்சிருச்சா?”

“இல்லண்ணா, லுக்குக்கு.”

“கழட்டிரலாம். ஸ்பீடோ கேபிள் கிளிப்பு அதுலதான் இருக்கு. கேபிள எங்க கட்டறது?”

“எங்கயாவது டேக் போட்டுக் கட்டிருங்கண்ணா.”

“கட்டிடறேன். ஃபோர்க்கு ரெண்டு காலும் தனித்தனியா ஆடுமே தம்பி, அத எந்த டேக்குல கட்டறது?”

இக்கடைசிக் கேள்விக்குச் சற்று விரிவுரை தேவை. முன் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதி இரண்டு தனிக் குழாய்கள். கீழே அச்சு அவற்றை இணைக்கிறது. மேலே பல வண்டிகளில் அவற்றை இணைத்துப் பிடிப்பது மட்கார்டும் அதனடியில் இருக்கும் இரும்புப் பட்டையும்தான். பிளாஸ்டிக் மட்கார்டைத் திருப்பிப் பார்த்தால் அந்தப் பட்டை தென்படும். அதை எடுத்துவிட்டால், வளைவில் சாயும்போதோ, பள்ளத்தில் இறங்கி அவசரமாய்ப் பிரேக் பிடிக்கும்போதோ, இரு கால்களும் ஒத்துப் போகாமல் சற்றே முறுக்கிக்கொள்ளும். ஹேண்டில்பார் சொல்வதை டயர் ஒரு கணம் தாமதமாகக் கேட்கும். கனமான ஃபோர்க் உள்ள பெரிய வண்டிகளில் இது தெரியாமலே போகலாம். மெல்லிய ஃபோர்க் வண்டியில் கைக்குத் தெரியும். விவரமானவர்கள் மட்கார்டைக் களைந்தாலும் அந்தப் பட்டையை மட்டும் விட்டுவைப்பார்கள். அல்லது ஃபோர்க் பிரேஸ் என்று தனியாக வாங்கி மாட்டுவார்கள். அதாவது மட்கார்டின் ஒரு வேலையை மட்டும் செய்யும் பொருளை, மட்கார்டைவிட அதிக விலை கொடுத்து.

இத்தனையையும் உரையாசிரியர் சொல்வதில்லை. ஆடும் என்றார், அத்தோடு சரி. பையன் கேட்கப் போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். பேசிக்கொண்டே ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தார். கழற்றுவதற்குப் பெரும்பாலும் காசு வாங்க மாட்டார். மழைக்காலம் முடிந்து ஆயில் சீல் மாற்ற வரும்போது வாங்கிக்கொள்வார். இந்த விவாதத்தில் தோல்வியே காணாத ஒரே தரப்பு அவர்தான்.

விலையியல்

கழன்ற மட்கார்டு பரணில், பழைய அலுமினிய அண்டாவுக்கும் கொலுப் படிக்கும் நடுவில் போய்ப் படுக்கிறது. அம்மா வருஷத்துக்கு ஒருமுறை ‘இது எதுக்குடா?’ என்பார். சில வீடுகளில் காயலான் கடைக்குப் போய்விடும். அந்த வீடுகளைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும்.

யமஹா ஆர்எக்ஸ் 100 இங்கே 1985 முதல் 1996 வரை தயாரானது. அதன் மட்கார்டைக் கழற்றியும் வெட்டியும் ஒரு தலைமுறை சுற்றியது. இன்று அதே தலைமுறை, தலையில் நரையோடும் கையில் காசோடும், அதே வண்டியைக் கம்பெனியிலிருந்து இறங்கிய கோலத்துக்கே மீட்டெடுக்க ஆசைப்படுகிறது. புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி, ‘ஒரிஜினல் மட்கார்டு இருக்குமா பாய்?’ என்று கேட்கிறது. டூப்ளிகேட் இருக்கிறது, வளைவு சரியில்லை. ஒரிஜினல் இருக்கிறது, துருவேறியிருக்கிறது. துருவேறாத ஒரிஜினல் எங்கோ ஒருவரிடம் இருக்கிறது, அவர் தர மாட்டார். அன்று நாலு போல்ட்டில் இலவசமாகப் போன பொருள், இன்று விலை சொல்லாமல் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லும் பொருளாகிவிட்டது.

அத்தனை காலம் காத்திருக்கவும் வேண்டாம். மூன்று வருஷம் ஓட்டிவிட்டு விற்க நிறுத்தினாலே போதும். வாங்க வருகிறவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவார். கிக்கரை உதைப்பார். ஆர்.சி. புக்கைப் புரட்டுவார். எல்லாம் முடிந்து முன் சக்கரத்துக்கு எதிரே குத்த வைத்து உட்கார்ந்துகொள்வார்.

“மட்கார்டு எங்க தம்பி?”

“கழட்டிட்டேண்ணே. லுக்குக்காக.”

“நல்லாத்தான் இருக்கு. அப்ப லுக்குக்கு ஒரு ரெண்டாயிரம் குறைச்சுக்குங்க.”